கேத்தி பாலாடா காரட்டுக்கு டர்போ பிக்கப்பா, டர்போ இல்லாத வண்டியா?

கேள்வி இதுதான். நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்து கேத்தி பாலாடாவில் காரட், பீட்ரூட் விவசாயம். தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு 200 மீட்டர் மண் ஏற்றம். அதில் ஏறி காரட் கழுவும் இடத்துக்கும், அங்கிருந்து வாரத்தில் நான்கு நாள் மேட்டுப்பாளையம் மண்டிக்கும் லோடு போக வேண்டும். திரும்பி வரும்போது உரம், சில நாள் சிமெண்ட். ஒரு நடைக்கு 1,200 கிலோ வரை. மூன்று வண்டிகள் கண்ணில் இருக்கின்றன: செகண்ட் ஹேண்டில் ஒரு 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப், ஷோரூமில் புது 1.2 லிட்டர் பெட்ரோல் மினி டிரக், தெரிந்தவர் விற்கும் பழைய, டர்போ இல்லாத 2.5 லிட்டர் டீசல் பிக்கப். "மலைக்கு டர்போதான்" என்கிறார் ஒருவர். "டர்போ போனால் கையைக் கடிக்கும், சாதா இன்ஜினே போதும்" என்கிறார் இன்னொருவர். கூடவே, சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிடும் டர்போ டைமர் மாட்ட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் லோடுக்கு முதல் வண்டிதான். ஆனால் "மலைக்கு டர்போதான்" என்ற காரணத்துக்காக இல்லை. அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் வாங்கினால் ஆறு மாதத்துக்கு ஒரு கிளட்ச் பிளேட் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் காற்றுக் கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 76 சதவீதம்தான். 77 கிலோபாஸ்கல் அளவு. கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே கதைதான், 78 கிலோபாஸ்கல். ஊட்டியின் குளிர் இதில் கொஞ்சம் ஈடுகட்டும், ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கீழே 30 டிகிரி, மேலே 15 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், மேட்டுப்பாளையத்தில் ஒரு சிலிண்டருக்குள் போகும் காற்றில் ஆறில் ஒரு பங்கு ஊட்டியில் குறைகிறது. டர்போ இல்லாத இன்ஜினில் அந்த ஆறில் ஒரு பங்கு இழுவை அப்படியே போச்சு. கம்பெனி அச்சடித்துத் தரும் குதிரைத்திறன் கடல் மட்டத்துக்கானது என்பதால், அதிலிருந்து 20 சதவீதம் கழித்துக்கொள்வதே இங்கே பத்திரமான கணக்கு.

டர்போ என்பது புகைக்காற்றால் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சாமான். அது இருந்தால் இந்த நஷ்டத்தை நிரப்பிவிடும். வெளியே அழுத்தம் குறைந்தால் டர்போவின் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றி உள்ளே தேவையான அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடும். ஆனால் சும்மா இல்லை. கீழே ஒரு மடங்கை 1.8 மடங்காக அழுத்தினால் போதும் என்றிருந்த டர்போ, ஊட்டியில் அதே அளவைக் கொடுக்க 2.3 மடங்கு அழுத்தியாக வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் சாமான் அது. அதில் கூடுதல் வேகம் என்றால் கூடுதல் சூடு, ஆயிலுக்குக் கூடுதல் வேலை. புது வண்டிகளில் கம்ப்யூட்டர் ஒரு எல்லைக்கு மேல் போக விடாமல் டீசலைக் குறைத்துக்கொள்ளும். அதனால் டர்போ வண்டிக்கும் மலையில் கொஞ்சம் சோர்வு உண்டு. டர்போ இல்லாததற்கு இருக்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் டர்போ சுற்றும்போது. சுற்றாதபோது?

ஏறக்குறைய 1,500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே எந்த டர்போ டீசலும் சாதா இன்ஜின்தான். புகைக்காற்று போதாது, டர்போ தூங்கிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் வேறு, கரும்புகை வரக்கூடாது என்று காற்றுக்கு ஏற்றபடி டீசலை அளந்து விடும். பர்லியார் தாண்டி குன்னூர் வரை ஒரே சீராக மூன்றாவது கியரில் ஏறும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. தெரிகிற இடம், உங்கள் தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் அந்த 200 மீட்டர். காட்டுப் பாதை, ஈர மண், நடுவில் ஒரு மடக்கு, ஐந்துக்கு ஒன்று என்ற ஏற்றம். வண்டியை நிறுத்தி, திரும்ப எடுக்க வேண்டும். மலைக்கு இன்ஜின் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியது 50 கிலோமீட்டர் காட் ரோட்டை இல்லை, இந்த 200 மீட்டரை.

அந்த இடத்துக்கு ஒரு கணக்கு. லோடோடு மொத்தம் 3,000 கிலோ வண்டி, ஐந்துக்கு ஒன்று ஏற்றம், முதல் கியர். முதல் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் வண்டி மணிக்கு 8 கிலோமீட்டர் போகிறது என்றால், இன்ஜின் கொடுக்க வேண்டிய டார்க், அதாவது சுழற்றும் விசை, சுமார் 100 நியூட்டன் மீட்டர். அதே 1,500இல் 12 கிலோமீட்டர் போகும் வண்டி என்றால் 150 வேண்டும். டர்போ விழிக்காத நிலையில் ஒரு 2.5 லிட்டர் டீசல் கீழே 150 கொடுத்தால், உங்கள் ஊர் உயரத்தில் 120 கொடுக்கும். ஆக, 8 கிலோமீட்டர் வண்டி ஏறும். 12 கிலோமீட்டர் வண்டியை கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டே ரேஸ் பண்ணித்தான் ஏற்ற முடியும். வித்தியாசம் டர்போவில் இல்லை, முதல் கியரிலும், பின் அச்சில் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனிலும் இருக்கிறது.

இதை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். சமதளத்தில் முதல் கியர் போட்டு, கிளட்சை முழுதாக விட்டு, 1,500 ஆர்.பி.எம். வைத்து ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். 8 அல்லது 9 காட்டினால் மலைக்கான கியர். 12 காட்டினால் ரோட்டுக்கான கியர். அது பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்ற நல்ல வண்டி. சின்ன வேகத்தில் முள் சரியாகக் காட்டாது என்றால் போனில் ஜி.பி.எஸ். வைத்துப் பார்க்கலாம். ஒரே மாடலிலேயே 1.3 டன், 1.7 டன் என்று பல வகை வருகிறது. வகைக்கு வகை டயர் சைஸும் கிரவுன் பினியன் விகிதமும் மாறலாம், பெயர் மட்டும் ஒன்றாக இருக்கும்.

இப்போது மூன்று வண்டிகளுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு, ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் பிக்கப்பில் புது டீசல் என்றால் அது டர்போதான். மஹிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2,523 சிசி இன்ஜின் 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் அளவு. டாடா இன்ட்ரா வி30இன் 1,496 சிசி, 70 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர். அசோக் லேலண்ட் தோஸ்த்தின் மூன்று சிலிண்டர் இன்ஜின் 1.5 லிட்டர். டர்போ இல்லாமல் புதிதாக வாங்க வேண்டும் என்றால் பெட்ரோல், அல்லது கேஸ் (சி.என்.ஜி.): மாருதி சூப்பர் கேரியின் 1,197 சிசி நான்கு சிலிண்டர், 80 குதிரைத்திறன், 104 நியூட்டன் மீட்டர் அளவு. டர்போ இல்லாத பெரிய டீசல் பழைய வண்டியில் மட்டும்தான் கிடைக்கும். ஆகவே ஷோரூமில் "டர்போவா சாதாவா" என்று கேட்பது, பெரும்பாலும் "டீசலா பெட்ரோலா", "ஒன்றரை டன்னா முக்கால் டன்னா" என்று கேட்பதுதான்.

பெட்ரோல் மினி டிரக்கைப் பலர் மலைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. 1,600 கிலோ மொத்த எடையோடு, எட்டுக்கு ஒன்று ஏற்றத்தில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏற இன்ஜினில் சுமார் 23 குதிரைத்திறன் போதும். 104 நியூட்டன் மீட்டரில் மலைக்காக 20 சதவீதம் கழித்தாலும் 3,000 ஆர்.பி.எம்.மில் 35 குதிரைத்திறன் கையில் இருக்கும். தேவைக்கு மேலேயே. பிரச்சனை ஓட்டுகிறவரிடம். டீசல் ஓட்டிப் பழகியவர் 1,500இல் கியரை மாற்றிவிட்டு "பிக்கப்பே இல்லை" என்பார். பெட்ரோலை 2,500க்குக் கீழே விடாமல், சத்தத்துக்குப் பயப்படாமல் இரண்டாவது கியரிலேயே ஏற்ற வேண்டும். அந்த இன்ஜின் அதற்காகச் செய்ததுதான். காற்று குறைந்தால் சென்சார் பார்த்துப் பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும், புகை வராது. காலையில் புல்லில் உறைபனி படர்ந்திருக்கும் ஜனவரி மாதத்திலும் ஒரே கிராங்கில் எடுக்கும். தேயிலைக் கொழுந்து எடுத்து ஃபேக்டரிக்கு நாலு கிலோமீட்டர், பால் கேன் எடுத்து சொசைட்டிக்கு மூன்று கிலோமீட்டர் என்று நின்று நின்று ஓடுகிற வேலை என்றால் நான் டீசலே வேண்டாம் என்பேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஆனால் உங்களுக்கு 1,200 கிலோ. முக்கால் டன் வண்டியில் அதை ஏற்றினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். காரட் கழுவிய கையோடு ஏற்றும்போது மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரும் எடைதான். எடை மேடையில் மாட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. அதைவிடப் பெரிய பயம் இறக்கத்தில் பிரேக். இரண்டு நடையாக அடிக்கலாம் என்றால் மண்டி நேரம் தாண்டிவிடும். கேஸ் வண்டியை யோசித்தால், கேஸில் ஓடும்போது இன்னும் பத்து சதவீத அளவு இழுவை குறையும், சிலிண்டர் எடை லோடில் கழியும், நிரப்ப எங்கே போக வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அந்தப் பழைய டீசல். ஆர்.பி.எம். குறைவாக இருக்கும்போது டர்போ வண்டியைவிடக் கொஞ்சம் நிதானமாக இழுக்கும் என்பது உண்மை. தோட்டத்துக்குள் ஓட அருமையான வண்டி. 60 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால் ஊட்டியில் அது 48. லோடோடு 3,000 கிலோ இருக்கும் வண்டி எட்டுக்கு ஒன்று ஏற்றத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போக 43, 44 வேண்டும். அதாவது எப்போதும் ஆக்ஸிலேட்டர் தரையில் ஒட்டியபடி. காட் ரோட்டில் இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டரில் போவீர்கள், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். இந்த வண்டிகளின் மெக்கானிக்கல் டீசல் பம்புக்கு உயரம் தெரியாது. காற்று குறைந்தாலும் அதே டீசலை அடிக்கும், எரியாத டீசல் கரும்புகையாகப் போகும், புகைச் சூடு ஏறும், கடைசியில் ஹெட் கேஸ்கட் போகும். இங்கே "இழுவை இல்லை" என்று சொன்னவுடன் "பம்பைக் கொஞ்சம் கூட்டிவிடலாம்" என்பார்கள். மலையில் செய்ய வேண்டியது நேர் எதிர்: பம்ப் ஆள் டெஸ்ட் பெஞ்சில் வைத்து அதிகபட்ச டீசல் அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். இழுவை பெரிதாகக் குறையாது. எரியாத டீசல்தான் குறையும்.

இதிலேயே பழைய டர்போவை மாட்டிவிடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். வேண்டாம். டர்போ இன்ஜினில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீச்சிக் குளிர்விக்கும் ஜெட், வேறு கம்ப்ரஷன், வேறு கேஸ்கட் என்று உள்ளே பல விஷயம் மாறும். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் இருக்கிறது.

இப்போது இந்த மலையின் தனிக்கூத்து. பல ஊர்களில் மலை வண்டிக்கு ஏற்றம்தான் சோதனை. இங்கே விளைச்சல் மேலே, மண்டி கீழே. லோடு இறங்குகிறது, ஏறும்போது பாதி நாள் காலி. அதனால் இன்ஜினை ஏற்றத்துக்குப் பார்ப்பதைவிட இறக்கத்துக்குப் பார்க்க வேண்டும்.

3,000 கிலோ வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது விட்டொழிக்க வேண்டிய சக்தி 45 மெகாஜூல். டயர் உருளுவதில் மூன்றில் ஒரு பங்கு போகும். மீதி 30 மெகாஜூல், ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை எட்டு மணி நேரம் சூடாக வைக்கும் அளவு, இன்ஜினிலும் பிரேக் டிரம்மிலும்தான் தீர வேண்டும். இன்ஜின் எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு டிரம்முக்கு மிச்சம். டர்போவுக்கு இதில் பங்கே இல்லை. இன்ஜின் எத்தனை லிட்டர் என்பதே கணக்கு. 3,000 ஆர்.பி.எம்.மில் ஒரு 2.5 லிட்டர் டீசல் சுமார் 12 கிலோவாட் தாங்கிப் பிடிக்கும். 1.5 லிட்டர் டர்போ டீசல் ஏற்றத்தில் அதற்கு ஈடாக ஏறினாலும், இறக்கத்தில் 7, 8 கிலோவாட்டுக்கு மேல் பிடிக்காது. நூற்றுக்கு எட்டு சரிவில் 25 கிலோமீட்டரில் இறங்கும் 3,000 கிலோ வண்டிக்குத் தேவை 13. வித்தியாசம் முழுவதும் உங்கள் வலது காலில். சின்ன டர்போ இன்ஜினை மலையில் லோடு வண்டிக்கு வாங்குவதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். ஏற்றத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெட்ரோலில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் காற்று வரும் வாயை மூடிக்கொள்வதால் லிட்டருக்குப் பார்த்தால் நன்றாகவே பிடிக்கும், எடையும் குறைவு.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் "இரண்டாவது கியரில் செல்லவும்" என்று போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை. நியூட்ரல் போட்டு உருட்டினால் டீசல் மிச்சம் என்பதும் தப்புக் கணக்கு. கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்றைய இன்ஜின் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எண்ணெய் குடிக்கும்.

பிரேக் பூஸ்டர் விஷயமும் பலருக்குத் தெரியாது. மிதியை லேசாக்குவது வெளிக்காற்றின் அழுத்தமும் பூஸ்டருக்குள் இருக்கும் வேக்கமும் (வெற்றிடமும்) சேர்ந்து. வெளிக்காற்றே ஊட்டியில் முக்கால்தான் என்பதால் பூஸ்டரின் உதவியும் கால் பங்கு குறையும். பிரேக் கொஞ்சம் கட்டையாகத் தெரிவது அதனால்தான். பழைய டீசல்களில் வேக்கம் பம்ப் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். அதிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், ஆயில் கசிந்து ஊறியிருந்தால் உடனே மாற்றுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு முறைக்கு மேல் மிதித்தால் மிதி கல்லாகிவிடும், இறக்கத்தில் சாவியைத் தொடவே கூடாது.

இனி டர்போவுக்கு என்ன வியாதி வரும் என்று. தானாகக் கெட்ட டர்போ குறைவு. ஆயிலால் கெட்டதே அதிகம். டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உர மூட்டையோடு ஏறி, டீக்கடை வாசலில் நிறுத்தின கையோடு சாவியைத் திருப்பினால், சூடான டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கருகி கரியாக ஒட்டும். அந்தக் கரி முதலில் மெல்லிய ஆயில் பைப்பின் வாயை அடைக்கும். அடுத்து டர்போ. புது டர்போ மாட்டியும் மூன்று மாதத்தில் மறுபடி போனது என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது இந்தக் கதை: டர்போவை மாற்றியவர் ஆயில் போகும் பைப்பையும் திரும்பும் பைப்பையும் மாற்றவோ சுத்தம் செய்யவோ இல்லை. மாற்றும்போது ஆயில் துளையில் 50, 100 மில்லி புது ஆயில் ஊற்றி, கையால் தண்டைச் சுற்றிவிட்டு, ஸ்டார்ட் ஆகாமல் பத்து விநாடி கிராங்க் அடித்து, அப்புறம்தான் இன்ஜினை எடுக்க வேண்டும்.

காலையில் எடுத்தவுடன் ரேஸ் பண்ணாதீர்கள். நீலகிரிக் குளிரில் ஆயில் தடித்திருக்கும், டர்போ வரை ஏற சில விநாடி ஆகும். அரை நிமிடம் ஐடில், பிறகு மெதுவாக ஓட்டிச் சூடேற்றினால் போதும். கால் மணி நேரம் நிறுத்தி உறும விடுவதில் லாபம் இல்லை.

அடுத்தது ஹோஸ். டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாயில் மடிப்பு வெடித்தாலோ கிளாம்ப் தளர்ந்தாலோ, ஏற்றத்தில் மட்டும் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும், கரும்புகை வரும், இழுவை பாதியாகும். சமதளத்தில் ஒன்றுமே தெரியாது. இதை "டர்போ போச்சு" என்று சொல்லி டர்போவையே மாற்றி பில் போடுவது உண்டு. முதலில் ஹோஸைக் கையால் பிதுக்கி மடிப்புக்குள் பாருங்கள், சோப்பு நீர் தடவிப் பாருங்கள். இன்னொன்று, டர்போ அழுத்தம் அளவு மீறாமல் காக்கும் வேஸ்ட்கேட் கதவின் கம்பி. மூடுபனியும் மழையும் மாறி மாறி இருக்கும் ஊரில் பல நாள் நிறுத்திவைத்த வண்டியில் அந்தக் கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். கையால் அசைத்தால் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வர வேண்டும்.

பி.எஸ்.6 டீசலில் இதற்கு மேல் ஒரு தலைவலி, டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி. வாங்கும் மாடலில் அது இருக்கிறதா என்று சர்வீஸ் புக்கில் பாருங்கள். அதில் சேரும் கரியை எரிக்கப் புகைக்கு 550, 600 டிகிரி சூடு வேண்டும். பாலாடாவிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கேத்தி என்று குளிரில் குட்டிக் குட்டி ஓட்டமாக இருந்தால் அந்தச் சூடே வராது. விளக்கு எரியும், பிறகு வண்டி படுத்துக்கொள்ளும். எரிக்க முயன்று பாதியில் நின்றால் டீசல் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் அளவு ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், ஆயிலை மாற்றுங்கள். கொழுந்து வண்டிக்கும் பால் வண்டிக்கும் டீசல் வேண்டாம் என்றது இதனால். நீங்கள் வாரம் நான்கு நாள் மேட்டுப்பாளையம் போய் வருவதால் ஏறி வரும்போது அது தானாகச் சுத்தமாக வாய்ப்பு அதிகம். உரத்தோடு வந்தால் இன்னும் நல்லது.

ரேடியேட்டர் எல்லா வண்டிக்கும் பொது. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். இன்ஜினின் வேலைச் சூடு அதையொட்டித்தான் இருக்கிறது. கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம். மூடி ரப்பர் இறுகிப்போய் அழுத்தம் நிற்காவிட்டால், மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி லவ்டேல் பக்கம் வந்து கொதிக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதற்கு முன் ஒரு மூடியை மாற்றிப் பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் பாதிக்குப் பாதி.

டீசல் செலவு பற்றி ஒரு வரி. 3,000 கிலோவை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தூக்குவதற்கு மட்டும் 56 மெகாஜூல். இன்ஜினில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் டீசலில் கிட்டத்தட்ட 5 லிட்டர். அது பௌதிகம், எந்த மெக்கானிக்காலும் குறைக்க முடியாது. மைலேஜ் பேசுகிறவரிடம் ஏறும்போதா இறங்கும்போதா என்று கேளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் டர்போவைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்கும் காலையில் போங்கள். சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி டர்போ தண்டின் நுனியை விரலால் பிடித்து ஆட்டுங்கள்: பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆடக் கூடாது, இறக்கை வீட்டுச் சுவரில் உரசிய கோடு இருக்கக் கூடாது. இன்டர்கூலர் குழாய்க்குள் ஆயில் பிசுபிசுப்பு சகஜம், தேங்கி நின்றால் விலகுங்கள். ஸ்டார்ட் செய்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக ஊதலாம். ரயில் இன்ஜின் மாதிரி புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது.

அப்புறம் லோடு. காலி வண்டியில் எல்லா பிக்கப்பும் நல்ல பிக்கப்தான். பத்துப் பதினைந்து மூட்டை மணல் ஏற்றி, உங்கள் தோட்டத்துப் பாதையிலேயே எடுத்துப் பாருங்கள். நடு மடக்கில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, 1,800 வரை ரேஸ் கொடுத்து, கிளட்ச் பிடிக்கும்போது வண்டியின் முகம் லேசாகத் தூக்கியதும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இரண்டு நொடியில் கிளட்சிலிருந்து கால் முழுதாக வந்துவிட வேண்டும். கருகின வாசனை வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, அல்லது கியர் உங்கள் பாதைக்கு ஆகாது. ஹேண்ட் பிரேக் அங்கே பிடிக்கவில்லை என்றால் பேச்சே வேண்டாம். பிறகு ரோட்டுக்கு வந்து மூன்றாவது கியரில் 1,300இலிருந்து அழுத்துங்கள். 1,600, 1,800க்குள் டர்போ பிடிப்பது முதுகில் தெரிய வேண்டும். முதலில் ஒரு குப் கரும்புகை போய்த் தெளிந்தால் சரி. நீலப் புகை, அதுவும் நீண்ட இறக்கம் முடிந்து ஆக்ஸிலேட்டரைத் தொடும்போது வந்தால், ஆயில் எரிகிறது. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி கூவினால் டர்போ பேரிங்.

இதெல்லாம் தேறாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், வேறு 2.5 லிட்டர் பாருங்கள். அவசரத்துக்குப் பழைய சாதா டீசலை எடுக்காதீர்கள். நடைக்கு 600 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ள முடிந்து, மேட்டுப்பாளையம் லோடை வாடகை லாரியோடு சேர்த்து அனுப்பிவிடுவீர்கள் என்றால் மட்டும் அந்தப் புது பெட்ரோல் மினி டிரக், யோசிக்காமல்.

டர்போ டைமர் வேண்டாம். சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் சாமானைச் சரிவில் நிற்கும் லோடு வண்டியில் எதற்கு மாட்ட வேண்டும்? ஊருக்குள் நுழையும் கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவந்தாலே டர்போ ஆறிவிடும். ஏற்றத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தால், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வருவதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிடும். அதுவரை இன்ஜின் ஓடட்டும். பிறகு நிறுத்தி முதல் கியரில் போட்டுவிடுங்கள்.